நடு வரப்பு

சித்தே தள்ளி உக்காருங்கண்ணா. போதும் போதும், இதுவே தாராளம்.

கையப் பாக்கறீங்க. நடுங்குதுன்னு பாக்கறீங்க. குடிச்சுட்டு ஏறியிருக்கான், தாராபுரம் போறவரைக்கும் நம்ம உசுர எடுப்பான்னு நெனச்சிருப்பீங்க. உசுர வேணா எடுப்பேன், குடிக்கலீங்க. முருகன் மேல சத்தியம். இது வீடர் ஓட்டற கைங்க. பவர் வீடர் பாத்திருக்கீங்களா? சின்ன டிராக்டர்னு வெச்சுக்குங்க. ஏறி உக்காந்து ஓட்டறதுக்கு அதுல சீட்டு கெடையாது, பின்னால கைப்பிடியப் புடிச்சுட்டு நாமதான் நடக்கோணும். அடியில கத்தி சுத்தும். களையையும் மண்ணையும் சேத்துப் பொரட்டிப் போட்டுட்டே போகும். இஞ்சின் நடுங்கற நடுக்கம் பூராவும் கைப்பிடி வழியா நம்ம கைக்கு வந்துரும். வண்டிய நிறுத்தினாலும் கை நிக்க மாட்டேங்குது. டாக்டரு, கொஞ்ச நாளைக்கு அதத் தொடவே கூடாதுங்கறாரு.

உடுமலையில இருந்துதான் வர்றேன். எங்கக்கா மயிலாத்தா அங்க ஒரு மில்லு ஹாஸ்டல்ல சமையலுக்கு இருக்குது. கூட்டிட்டு வரலாம்னுதான் போனேன். இந்த சீட்டுல ஜன்னலோரமா அக்காள உக்கார வெச்சு ஊருக்குக் கூட்டிட்டுப் போகோணும்னு காத்தால கெளம்பினவன் நானு. இப்ப நீங்க உக்காந்திருக்கீங்க. உங்களச் சொல்லலீங்க, நீங்க காசு குடுத்து டிக்கெட்டு எடுத்து உக்காந்திருக்கீங்க.

தப்பு எம்மேலதானுங்க. அத முதல்லயே சொல்லிப்போடறேன். பொறவு நீங்க நடுவுல எந்திரிச்சுப் போயிட்டா, நான் எதோ அக்கா மேல பழி போட்டேன்னு ஆயிரும்.

எங்க தோட்டம் ரெண்டு துண்டுங்க. நடுவுல ஒரு வரப்பு. மேக்கால துண்டுல மெளகா, கெழக்கால துண்டுல தக்காளியோ கத்திரியோ, எது வெல போகுமோ அது. எங்கக்காள கட்டிக் குடுத்த எடத்துல மாமன் சீக்கிரமே போய்ச் சேந்துட்டாரு. கொழந்தையும் இல்ல. பொறந்த ஊட்டுக்கே வந்துருச்சு. எங்கய்யன் என்ன பண்ணினாரு, அக்காளக் கூட்டிட்டுப் போயி அந்த நடு வரப்பு மேல நிக்க வெச்சு, "காடு தம்பிக்கு, வரப்பு உனக்கு சாமி"ன்னு சொன்னாரு. எங்க பக்கம் அப்படி ஒரு வழக்கம் இருக்குதுங்க. வரப்புல வெளையறது ஊட்டுப் பொம்பளைகளுக்கு. ஆம்பளை அதுல கை வெக்க மாட்டான், கணக்கும் கேக்க மாட்டான். எங்க ஊட்டுல அது மயிலாத்தாளுக்கு மட்டும்.

கேலியா நெனச்சிராதீங்க. வரப்புன்னா நீங்க நெனைக்கற மாதிரி ஒத்தக் கால் வெக்கற வரப்பு இல்ல. மூணு முழம் அகலம் இருக்கும். வருசா வருசம் அக்காளே மண்ண அணைச்சு அணைச்சு அப்படி ஆக்கி வெச்சிருந்துச்சு. அவரை போடும், தட்டப்பயிறு போடும், அங்கங்க அகத்தி. பறிச்சு உழவர் சந்தைக்கு அதுவே தலையில வெச்சுக் கொண்டு போகும். என்ற சம்சாரம் சிந்தாமணி இருக்கறாளே, அவ கொழம்புக்கு நாலு அவரைக்காய் வேணும்னாக் கூட, "நங்கையா, பறிச்சுக்கட்டுங்களா?"ன்னு கேட்டுத்தான் பறிப்பா. நாத்தனார நாங்க நங்கைன்னு சொல்றதுங்க. அக்காளும் ஒரு நா கூட மாட்டேன்னு சொன்னதில்ல. ஆனா கேக்கோணும். கேக்காம இவ பறிச்சதும் இல்ல.

வண்டி எதுக்கு வாங்கினேன்னு நெனைக்கறீங்க? எங்கக்காளுக்காகத்தானுங்க வாங்கினேன். நெஜமாத்தான் சொல்றேன். களை வெட்ட ஆள் கெடைக்கறதில்ல. அக்காளும் சிந்தாமணியும்தான் குனிஞ்ச இடுப்பு நிமிராம மெளகாக் காடு பூரா கொத்திட்டுக் கெடப்பாங்க. பொழுதுக்கும் கொத்திட்டு எந்திரிக்கறப்போ அக்கா ரெண்டு கையையும் முட்டி மேல ஊனி ஊனி எந்திரிக்கும். பாக்கறதுக்கே எனக்கு ஒரு மாதிரி இருக்கும். அதனால மானியத்துல எழுதி வெச்சு வாங்கினேன். வண்டி வந்தன்னைக்கு அக்காதான் ஆரத்தி எடுத்துச்சு. "இனி எம்பட இடுப்புக்கு விடுதலைடா சென்னியப்பா"ன்னு சொல்லிச்சு.

நேராப் போறதெல்லாம் ஒரு வேலையே இல்லீங்க. சங்கதி மொனையிலதான் இருக்குது. ஒரு சால், அதாவது ஒரு வரிசை, முடிஞ்சதும் வண்டியத் திருப்போணுமல்ல? கிளச்ச விட்டு, கைப்பிடியத் தூக்கி, இடுப்புல முட்டுக் குடுத்து, அத்தாப்பெரிய இரும்ப ஒரு சுத்து சுத்திக் கொண்டாரோணும். வண்டி சுத்த எடம் வேணும், சுத்தற ஆளு கால் வெக்க எடம் வேணும். வித்த கடைக்காரரு வெறுங்காட்டுல ஓட்டிக் காட்டினாரு, பொம்மையாட்டத் திரும்புச்சு. என்ற தோட்டத்துல பாதி தூரம் போறதுக்குள்ள வரப்பு வந்து மூஞ்சியில முட்டுது. திருப்பு. மறுபடியும் போ, வேலி. திருப்பு. மேக்கால முடிச்சு கெழக்கால போனா மறுபடியும் அதே கத. ஓட்டறது கொஞ்சம், திருப்பறதுதான் பூராவும். ஓரத்துல மெளகாச் செடி நாலு நசுங்கும். ஒருக்கா கத்தி வரப்புல ஏறி அக்காளோட அவரைக் கொடிய சுருட்டிருச்சு. நான் பயந்துட்டேன். அக்காளோ, "உன்ற வண்டிக்கும் அவரைக்காய் புடிக்குமாட்ட இருக்குது"ன்னு சிரிச்சுச்சு.

அப்பத்தான் எனக்கு அந்த ரோசனை வந்துச்சு.

நீங்களே ரோசிச்சுப் பாருங்க. வரப்பு எதுக்கு? தண்ணி நிறுத்தறதுக்கு. வாய்க்கால்ல தண்ணி பாச்சின காலத்துல வரப்பு வேணும். இப்பத்தான் சொட்டுநீர் போட்டாச்சே. குழாயில தண்ணி சொட்டுது. வரப்புக்கு அங்க ஒரு வேலையும் இல்ல. அத எடுத்துட்டா ரெண்டு துண்டும் ஒண்ணாயி, வேலியில இருந்து வேலி வரைக்கும் ஒரே நீளம். ரெண்டு மொனையில மட்டும் திருப்பினாப் போதும். எவங்கிட்ட வேணா கேளுங்க, சரின்னுதான் சொல்லுவான். நான் கேட்டவங்க அத்தனை பேரும் சரின்னுதான் சொன்னாங்க.

அக்காகிட்ட மட்டும்தான் கேக்கல.

கேக்கோணும்னுதான் இருந்தேன். நெசமாலுமே. நாளைக்குக் கேக்கலாம், நாளைக்குக் கேக்கலாம்னே போயிட்டு இருந்துச்சு. தைப்பூசம் வந்துச்சு. அக்கா வருசா வருசம் பழனிக்கு நடந்து போகும். ஊர்க்காரங்க கூட்டமாப் போவாங்க. நாந்தான் அக்காளோட பைய எடுத்துட்டுப் போயி கூட்டத்துல சேத்துட்டு வந்தேன். "காலப் பாத்து வெச்சு நடக்கா"ன்னு சொன்னேன். திரும்பி வரும்போதே மனசுக்குள்ள முடிவாயிருச்சு. மறுநா ஜேசிபி கொண்டு வரல, பெருசா ஒண்ணும் பண்ணல. இதே வண்டியத்தான் வரப்பு மேல ஏத்தினேன்.

ஒரு காயக் கூட வீணாக்கலீங்க. அத நீங்க நம்போணும். ஏத்தறதுக்கு முன்னால அவரை, தட்டை எல்லாத்தையும் நானே பறிச்சேன். சிந்தாமணியக் கூப்பிட்டேன், அவ வரமாட்டேன்னுட்டா. "நங்கையா வரட்டும்"னா. நான் ஒத்தையில பறிச்சு, கூடையில போட்டு, வாடிரக் கூடாதுன்னு ஈரச் சாக்குப் போட்டு மூடி ஊட்டுக்குள்ள வெச்சேன். எத்தனை பேரு அப்படிப் பண்ணுவான்? அகத்திய மட்டும் வெட்டி ஆட்டுக்குப் போட்டேன்.

பொறவு ஓட்டினேன், அந்தப் போகம் ரெண்டு துண்டுலயும் மெளகாதான், செடி வரிசைக்கு நடுவுல. அண்ணா, அந்த ஓட்டம் இருக்குதே! வேலியில இருந்து வேலிக்கு நேரா, நிக்காம, முட்டாம. மண்ணு பொலபொலன்னு பொரண்டு விழுகுது. நான் பாட்டுப் பாடிட்டே நடந்தேனுங்க. வரப்பு இருந்த எடத்துல வண்டி சித்தே எம்பி எம்பி இறங்குச்சு. நாலு தடவை போனதுக்கப்புறம் அதுவும் இல்ல. எது மேக்கால, எது கெழக்காலன்னு எனக்கே தெரியல. அன்னைக்கு நான் அவ்வளவு சந்தோசமா இருந்தேன். அத நெனச்சாத்தான் இப்ப வெசனமா இருக்குது. அழுதுட்டே ஓட்டியிருந்தாக்கூட ஒரு மாதிரி இருந்திருக்கும்.

அக்கா பழனியில இருந்து வந்துச்சு. கால் பூராக் கொப்புளம். வந்தது வந்தாப்புல, ஊட்டுக்குள்ள கூட போகல, நேரா வண்டி நிக்கற கொட்டாயிக்குப் போச்சு. முருகன் சன்னதியில வெச்சு வாங்கின கறுப்புக் கயிறுங்க. அத வண்டிக் கைப்பிடியில கட்டி, விபூதி வெச்சு, "எந்தம்பி கை கால் நல்லா இருக்கோணும்"னு கும்புட்டுச்சு. நான் பக்கத்துலதான் நிக்கறேன். அப்பவாச்சும் சொல்லியிருக்கலாம். ஊட்டுக்குள்ள போயி கூடையப் பாத்துட்டு, "இதென்னடா இத்தனை அவரைக்காய்?"ன்னு கேட்டுச்சு.

"வாடிப் போயிருமேன்னு பறிச்சேங்கா"ன்னேன்.

கூடைய ஒருக்கா பாத்துச்சு, என்னைய ஒருக்கா பாத்துச்சு. அந்தக் கொப்புளக் காலோட தோட்டத்துக்கு நடந்துச்சு. நான் பின்னாலயே போறேன். வேலியத் தாண்டி உள்ள போயி, வழக்கமா வரப்புல ஏறுமே, அந்த எடத்துல நின்னுருச்சு. ஒரு கால எடுத்து வெக்கப் போயி வெக்காம நின்னுச்சு. எல்லாம் உழுத மண்ணு, எங்க வெச்சாலும் ஒண்ணுதான். "எங்கடா நடக்கட்டும்?"னு கேட்டுச்சு. கோவமாக் கேக்கலீங்க. வழி கேக்கற மாதிரிதான் கேட்டுச்சு.

"எங்க வேணா நடக்கா, தோட்டமே உன்னுதுதானே"ன்னு சொன்னேன். நல்ல மனசாத்தான் சொன்னேன்.

"எல்லாம் என்னுதாடா?"

"ஆமாக்கா."

"சரி. அப்ப நாளைக்கு ஒரு சால் மெளகாய உருவிப் போட்டுட்டு அவரை போடறேன்."

மெளகா அப்பத்தான் பூ எடுக்குது. என்ற கண்ணு தானாப் பூவுக்குப் போச்சு. எங்கக்கா அதப் பாத்துச்சு, "சும்மா சொன்னேன்டா"ன்னு சொல்லிட்டுத் திரும்பி வந்துருச்சு.

சண்டை போட்டிருந்தா பரவாயில்லீங்க. எங்கக்காளுக்கு வாய் இருக்குது. சந்தையில அதுகிட்ட வெல பேசி ஜெயிச்சவன் இல்ல. ஆனா எங்கிட்ட ஒரு வார்த்தை கோவமாப் பேசல. என்ன பண்ணுச்சு தெரியுங்களா? எது வேணும்னாலும் எங்கிட்ட கேக்க ஆரம்பிச்சுருச்சு. செடி மூட்டுல வண்டிக் கத்தி போகாது, அங்க கையாலதான் கொத்தோணும். அதுக்கு எப்பவும் போல வரும், கொத்தும். கொத்திட்டு, களையோட மொளச்ச பண்ணைக்கீரைய கையில வெச்சுட்டு, "சென்னியப்பா, இத நான் எடுத்துக்கட்டுமா?"ன்னு கேக்கும். களைங்க அது! தூக்கி எறியறது! ஒரு நா நாலு பேரு நிக்கறப்போ, "ரசத்துக்கு ரெண்டு மெளகா பறிச்சுக்கட்டுமா?"ன்னு கேட்டுச்சு. குத்திக் காட்டறதுக்குக் கேக்குதோன்னு மூஞ்சியப் பாத்தேன். இல்லீங்க. நெசமாலுமே கேக்குது. இனி அப்படித்தான்னு மனசுல வெச்சுக்கிச்சு.

"எதுக்குக்கா இப்படிக் கேக்கறே, என்னைய ஏன் கொல்றே?"ன்னு கத்திட்டேன்.

"உன்ற மெளகாதானேடா, கேக்கோணுமல்ல"ன்னுச்சு.

டீக்கடையில உக்காந்திருந்தா ஒருத்தன், "என்ன சென்னியப்பா, அக்காளையும் சேத்து உழுதுட்டியாமே"ங்கறான். எல்லாரும் சிரிக்கறாங்க. டீய வெச்சுட்டு எந்திரிச்சு வந்துட்டேன். சிந்தாமணி சோத்தப் போட்டு வெச்சுட்டு அந்தப் பக்கம் போயிருவா. பேசறதே இல்ல. ஒரு பேச்சுக்குக் கூட ஆளில்லாமப் போச்சு எனக்கு. ராத்திரி கண்ண மூடினா அக்கா கால எடுத்து வெக்கத் தெரியாம நிக்கறதுதான் வருது. பாவம் பண்ணிட்டேங்க. யாரும் சொல்ல வேண்டியதில்ல.

ஒரு நா பையத் தூக்கிட்டுக் கெளம்பிருச்சு. அந்த மில்லு ஹாஸ்டல்ல ஆள் கேட்டாங்களாம். "நெலத்துல சும்மா நின்னுட்டு இருக்கறதுக்கு அங்க போயி ஒல வெக்கறேன்"ன்னுச்சு. நான் தடுத்தேன். தடுத்தேன்னு சொல்ல முடியாது, போகாதேன்னு சொன்னேன்.

இப்ப எதுக்குப் போனேன்னு கேக்கறீங்க. மனசு கேக்கலீங்க, அதான். டாக்டரு வண்டியத் தொடாதேன்னதும், மழை பேஞ்சதும், களை இடுப்பு வரைக்கும் வந்ததும் எல்லாம் ஒண்ணா வந்துருச்சு, அது வேற. சிந்தாமணி ஒருத்தி எத்தனை கொத்துவா? ஆள் இல்லீனுதான் அக்காளக் கூப்பிடப் போனியான்னு நீங்க நெனைக்கக் கூடாது. நெனைக்கறீங்க. மூஞ்சியிலயே தெரியுது. சரி, நெனச்சுக்குங்க. அதுலயும் பாதி நெசம் இருக்கும்.

வெறுங்கையோட போகலீங்க. மொதல்லயே ஏற்பாடு பண்ணி வெச்சுட்டுத்தான் போனேன். கெணத்தோரமா வேப்பமரத்துக்கு அடியில ஒரு எடம் கெடக்குது. அங்க மண்ண அணைச்சு நானே ஒரு வரப்பு போட்டேன், இந்த நடுங்கற கைய வெச்சுக்கிட்டு. நல்ல அகலமா. பேசாம இருந்த சிந்தாமணியே, அங்க வெயில் வராதுன்னு சொல்றா. அவரைக்கு வெயில் வேணும்தான். தொளசி வருமே? தொளசிக்கும் வெல இருக்குதல்ல.

அக்கா சமையக்கட்டுக்குப் பின்னால இருந்து வந்துச்சு. ஒரு சுத்துப் பெருத்திருக்குது. அந்தப் புள்ளைக எல்லாம் "அத்தை, அத்தை"ன்னு அத ஒட்டிட்டே திரியுதுக. என்னையப் பாத்ததும் மொதல்ல கையத்தான் புடிச்சுச்சு. "என்றா இப்படி நடுங்குது?"ன்னு. எனக்கு அழுகை வந்துருச்சுங்க. பொது எடம்னு கூடப் பாக்கல. "நான் பண்ணினது தப்புதாங்கா, ஊட்டுக்கு வா"ன்னு சொல்லிட்டேன். ஆறு மாசமா வாயில வராத வார்த்தை, அப்படியே வந்துருச்சு. கெணத்தோர வரப்பையும் சொன்னேன்.

கேட்டுக்கிச்சு. பொறவு முந்தானையில கையத் தொடச்சுட்டு எம்பக்கத்துல படியில உக்காந்துச்சு.

"கெணத்தோரம் வேண்டாம் சென்னியப்பா. நம்ம அய்யன் என்னைய நிக்க வெச்ச எடம் வேணும். முழுசா வேண்டாம். வடக்கு வேலியில இருந்து பாதி நீளம் போட்டுக் குடு, போதும். நான் வார்டனம்மாகிட்டச் சொல்லிட்டு இப்பவே உங்கூட பஸ் ஏறறேன்."

அவ்வளவுதானுங்க கேட்டுச்சு. முழு வரப்பக் கூடக் கேக்கல, பாதி. சண்டைக்காரி, சந்தைக்காரி, எங்கிட்ட வந்து அதுவே வெலயக் கொறச்சுக் கேக்குது. பைய எடுக்கறதுக்குப் பாதி எந்திரிச்சுருச்சு. நான் சரின்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்நேரம் நீங்க வேற சீட்டுல இருந்திருப்பீங்க.

எவ்வளவு அழுதேன்! அழுத கண்ணு இன்னும் காயல. அந்தக் கண்ணோட எங்கக்கா மூஞ்சியப் பாத்து நான் என்ன கேட்டேன் தெரியுங்களா?

"பாதின்னா, வண்டிய எங்கக்கா திருப்பறது?"

கேட்டுட்டேனுங்க. வாய் கேட்டுருச்சு.

அக்கா முழுசா எந்திரிச்சுச்சு, ஆனா பைய எடுக்கப் போகல. அப்பறம், "சாப்புட்டுட்டுப் போடா, பசியோட இருப்பே"ன்னுச்சு. உள்ள கூட்டிட்டுப் போயி தட்டு வெச்சுச்சு. கை நடுங்கறதப் பாத்துட்டு சோத்த அதுவே பெசஞ்சு குடுத்துச்சு. நான் சாப்பிட்டேன். வெக்கமில்லாம ரெண்டாவது தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பஸ்ஸு எத்தனை மணிக்குன்னும் அதுதான் விசாரிச்சுச் சொல்லிச்சு. ஹாஸ்டல் கேட்டு வரைக்கும் வந்துச்சு. வர்றேன், வரலேன்னு ஒண்ணும் சொல்லல.

நீங்க எறங்கற எடம் வந்துருச்சுங்களா? எறங்குங்க, எறங்குங்க. ஒரே ஒரு சங்கதி மட்டும் சொல்லிட்டுப் போங்கண்ணா. பஸ் ஏறுனதுல இருந்து மனசுக்குள்ள அளந்து பாத்துட்டே வர்றேன். தெக்கால பாதியில சரி, நேராப் போயிரலாம். வடக்கால பாதியில அந்த வரப்பு வந்து முட்டுமல்ல? அங்க வண்டிய எப்படிங்க திருப்பறது?